ஒரே மூலம், பல வெளியீடு: எது எங்கே உடைகிறது?

ஒரு கையேட்டை ஒரே இடத்தில் எழுதி, அதிலிருந்தே இணையப்பக்கம், பிடிஎஃப், மின்னூல், செயலிக்குள் வரும் உதவிக் குறிப்பு என்று நாலையும் எடுக்கிறீர்கள். எழுதும் குறியீட்டு முறை டிட்டா, டாக்புக், ஆஸ்கிடாக், மார்க்டவுன் எதுவாகவும் இருக்கட்டும். நேற்றுவரை ஒழுங்காக ஓடியது. இன்று பிடிஎஃப்பில் ஒரு பத்தியைக் காணோம். வெளியிட வேண்டிய நேரமும் நெருங்கிவிட்டது. இப்படிப்பட்ட வேளையில் கை தானாகப் போகும் இடம் வெளியீட்டுக் கோப்புதான். அதைத் திறந்து, விட்டுப்போன பத்தியை ஒட்டிவிடலாம் என்று தோன்றும். ஒட்டாதீர்கள். அடுத்த முறை பில்ட் (மூலத்திலிருந்து வெளியீட்டை உருவாக்கும் வேலை) ஓடியதும் நீங்கள் ஒட்டியது அழிந்துபோகும். அழிந்தது யார் கண்ணிலும் படாது.

## முதலில் கட்டத்தைப் பிடியுங்கள்

உங்கள் உள்ளடக்கம் மூன்று நிலைகளில் இருக்கிறது. முதலாவது, நீங்கள் எழுதிய மூலக் கோப்புகள். அடுத்தது, செருகல்கள் (வேறு கோப்பிலிருந்து இழுப்பவை), மாறிகள் (மதிப்பை மாற்றிக்கொள்ளும் பெயர்கள்), நிபந்தனைகள் (எந்த வெளியீட்டுக்கு எது என்பவை) எல்லாம் தீர்ந்து ஒன்றாகக் கோத்த இடைநிலைக் கோப்பு. கடைசியாக, வாசகர் கைக்குப் போகும் வெளியீடு. பலரும் முதலையும் கடைசியையும் மாறி மாறிப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான நேரம் விடை நடுவில் கிடக்கும்.

நடுநிலையைப் பார்க்கும் வழி கருவிக்குக் கருவி வேறுபடும். டிட்டாவை வெளியீடாக மாற்றும் டிட்டா ஓப்பன் டூல்கிட் தன் தற்காலிக அடைவை வேலை முடிந்ததும் அழித்துவிடும். 'கிளீன் டெம்ப்' என்ற அமைப்பை 'நோ' என்று வைத்தால் அதை அப்படியே விட்டுவைக்கும். டாக்புக்கில் கோப்புக்குள் கோப்பைச் செருகும் எக்ஸ்இன்க்ளூட் மூலம் கோத்திருந்தால், எக்ஸ்எம்எல்லின்ட் கருவியை எக்ஸ்இன்க்ளூட் விருப்பத்தோடு ஓட்டுங்கள், கோத்த வடிவம் கிடைத்துவிடும். மார்க்டவுனைப் பல வடிவங்களுக்கு மாற்றும் பேன்டாக்கில் வெளியீட்டு வடிவமாக 'நேட்டிவ்' என்று கொடுத்தால், உங்கள் மார்க்டவுனை அது எப்படிப் புரிந்துகொண்டது என்பதை ஒளிவுமறைவில்லாமல் காட்டும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் ஒரு வரி பட்டியலுக்குள் இருக்கிறதா வெளியே விழுந்துவிட்டதா என்பதை ஒரு பார்வையில் சொல்லிவிடும்.

காணாமல் போன வரியை இந்த நடுநிலையில் தேடுங்கள். அங்கேயே இல்லை என்றால் கோளாறு மூலத்தில், செருகலில் அல்லது நிபந்தனையில். அங்கே இருந்து, வெளியீட்டில் மட்டும் இல்லை என்றால் மாற்றும் கருவியில் அல்லது தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல்ஷீட்டில். இதைத் தெரிந்துகொண்டு கீழே உங்கள் அறிகுறிக்குப் போங்கள்.

## இணையப்பக்கத்தில் இருக்கிறது, பிடிஎஃப்பில் காணோம்

மார்க்டவுன் மூலம் என்றால் முதல் சந்தேகம், நடுவே யாரோ எழுதிவைத்த எச்டிஎம்எல் மீது. படத்துக்கு அகலம் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் நேரடியாக எச்டிஎம்எல் படக் டேகைப் போட்டிருப்பார். இணையப்பக்கத்தில் பிரமாதமாக வரும். ஆனால் பேன்டாக்கின் கண்ணில் அது எச்டிஎம்எல் வகை வெளியீடுகளுக்கு மட்டும் உரிய கச்சாச் சரக்கு. பிடிஎஃப்புக்கும் வேர்டுக்கும் போகும்போது சத்தமில்லாமல் கழித்துவிடும். அட்டவணை என்றால் இன்னும் விசித்திரம்: டேகுகள் மட்டும் உதிர்ந்துபோய், கட்டங்களுக்குள் இருந்த எழுத்து தனித்தனிப் பத்திகளாக வரிசையில் வந்து நிற்கும். அட்டவணை உடைந்து பத்திகளாகச் சிதறியதைப் பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டாம், இதுதான்.

தீர்வு, எச்டிஎம்எல்லை எடுத்துவிட்டு மார்க்டவுனின் சொந்தப் பட எழுத்துமுறையில் எழுதுவது. அகலத்தைப் பேன்டாக்கில் படத்தின் பின்னால் சுருள் அடைப்புக்குள் பண்பாகக் கொடுக்கலாம், எல்லா வெளியீட்டுக்கும் போகும். அறைக்குள் அறை, இணைந்த கட்டங்கள் என்று அட்டவணை சிக்கலானதாக இருந்தால், அதை இரண்டு எளிய அட்டவணைகளாகப் பிரிக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள். கைபேசித் திரையில் அந்தப் பெரிய அட்டவணையை எப்படியும் யாரும் படிக்கப் போவதில்லை.

எச்டிஎம்எல் எதுவும் இல்லையா? அப்படியென்றால் நிபந்தனை. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற அறிகுறிகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது.

டிட்டாவில் ஒரு பத்திக்கு 'பிளாட்ஃபார்ம்' பண்பில் 'விண்டோஸ் லினக்ஸ்' என்று இரண்டு மதிப்பு கொடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். வடிகட்டிக் கோப்பான டிட்டாவேலில் லினக்ஸை விலக்குகிறீர்கள். பத்தி போகுமா? போகாது. ஒரே பண்புக்குள் இருக்கும் எல்லா மதிப்பும் விலக்கப்பட்டால்தான் பத்தி போகும். விண்டோஸ் மிச்சம் இருக்கிறது, அதனால் தங்கிவிடும்.

இப்போது அதே பத்திக்கு 'ஆடியன்ஸ்' என்ற இரண்டாவது பண்பில் 'நிர்வாகி' என்றும் இருக்கிறது. டிட்டாவேலில் நிர்வாகியை விலக்குகிறீர்கள், விண்டோஸை விலக்கவில்லை. இந்த முறை பத்தி போய்விடும். பண்புக்கும் பண்புக்கும் இடையே கணக்கு வேறு: ஏதாவது ஒரு பண்பு முழுதாக விலக்கப்பட்டாலே போதும், உறுப்பு வெளியே. ஒரு பண்புக்குள் 'எல்லாம்', பண்புகளுக்கிடையே 'ஏதாவது ஒன்று'. இந்த இரண்டு கணக்கையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டவர்களின் பத்திதான் திடீரென்று மறைகிறது.

சோதிக்கும் முறை எளிது. டிட்டாவேல் இல்லாமல் ஒரு தடவை பில்ட் ஓட்டுங்கள். பத்தி வந்துவிட்டால், விலக்கும் வரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். எந்த வரியில் மறைகிறதோ அதுதான் காரணம். அந்தப் பத்தியை மட்டும் முறைக்காமல் அதன் தாய் உறுப்பு, அதற்கும் தாய், மேப்பில் (டாபிக் எனும் தனித்தனிப் பகுதிகளை வரிசைப்படுத்தும் கோப்பு) அந்த டாபிக்கைச் சுட்டும் வரி என்று மேலேறிப் போங்கள். மேப்பில் யாரோ போட்ட ஒரு பண்பு, டாபிக்கை அப்படியே முழுங்கியிருக்கலாம்.

ஆஸ்கிடாக்கில் இதே வேலையை 'இஃப்டெஃப்' செய்கிறது. அதில் இரண்டு பெயருக்கு நடுவே காற்புள்ளி போட்டால் 'ஏதாவது ஒன்று இருந்தால்', கூட்டல் குறி போட்டால் 'இரண்டும் இருந்தால்'. குறி மாறிவிட்டால் பொருளும் மாறிவிடும், படிக்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. முடிக்கும் 'எண்டிஃப்' விட்டுப்போனால், நிபந்தனை பொருந்தாதபோது அதற்குக் கீழே உள்ள எல்லாமும் போகும். ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் பிறகு ஆவணமே வெறுமையாக இருந்தால் இதைத்தான் முதலில் தேட வேண்டும்.

## வரக்கூடாதது வந்துவிட்டது

உள்வட்டத்துக்கு மட்டும் என்று எழுதிய குறிப்பு பொது வெளியீட்டில் நிற்கிறது. காணாமல் போவதைவிட இது மோசம்; காணாமல் போனதை யாராவது கேட்பார்கள், கசிந்ததை யாரும் சொல்ல மாட்டார்கள்.

காரணம் பெரும்பாலும் எழுத்துப்பிழை. டிட்டாவேலில் பெயர் சொல்லாத மதிப்பு எதுவாக இருந்தாலும், வேறு கட்டளை இல்லாதவரை, அது உள்ளே சேர்க்கப்படும். நீங்கள் விலக்கச் சொன்னது 'இன்டர்னல்'. எழுதியவர் ஒரு எழுத்தை விட்டுவிட்டார், அல்லது முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அடித்துவிட்டார். வடிகட்டிக்கு அது முன்பின் தெரியாத ஆள், தாராளமாக உள்ளே விடும்.

இதற்கு இரண்டு காரியம் செய்யுங்கள். மூலக் கோப்புகள் எல்லாவற்றிலும் அந்தப் பண்புக்கு எந்தெந்த மதிப்புகள் பயன்பட்டிருக்கின்றன என்று தேடி எடுத்து, மறுபதிப்புகளைக் கழித்து ஒரு பட்டியலாகப் பாருங்கள். பத்து மதிப்பு இருக்க வேண்டிய இடத்தில் பதினாலு இருந்தால் மிச்சம் நாலும் பிழைகள். பிறகு, டிட்டா 1.2-இல் வந்த சப்ஜெக்ட் ஸ்கீம் மேப் மூலம், அனுமதிக்கப்பட்ட மதிப்புகள் இவைதான் என்று கட்டிப்போடுங்கள். அதை மதிக்கும் எடிட்டராக இருந்தால் எழுதுபவர் பட்டியலில் இருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும். முக்கியமான ரகசியக் குறிப்புகளை மட்டும் நிபந்தனையை நம்பி விடாமல், தனிக் கோப்பில், தனி மேப்பில் வைப்பது என் பழக்கம். பொது பில்டுக்குள் அந்தக் கோப்பே வராதபோது வடிகட்டி தவறினாலும் கசிய ஒன்றுமில்லை.

## ஓரிடத்தில் திருத்தினேன், இன்னோரிடத்தில் பழையதே வருகிறது

பழைய வாசகத்தை மூலக் கோப்புகள் முழுக்கத் தேடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் கிடைத்தால் கதை முடிந்தது. அங்கே மறுபயன்பாடு நடக்கவே இல்லை. யாரோ நகல் எடுத்து ஒட்டியிருக்கிறார். நகலை அழித்துவிட்டு மூலத்தைச் சுட்டுங்கள்.

ஒரே இடத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் பழையது வருகிறது என்றால் தற்காலிகக் கோப்புகளை அழித்து முழுதாக மறுபடி பில்ட் செய்யுங்கள். மின்னூல் செயலிகள் முன்பு திறந்த பிரதியைப் பிடித்துவைத்துக்கொள்வதும் உண்டு. நூலகத்திலிருந்து நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள்.

டிட்டாவில் கீ (ஒரு மதிப்பையோ கோப்பையோ சுட்டும் பெயர்) பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு வம்பு. ஒரே கீயை இரண்டு இடத்தில் வரையறுத்திருந்தால் முதலில் வருவதுதான் செல்லும், பின்னால் வருவது வீண். 'முதலில்' என்பது மேப்பின் மேல்மட்டத்தில் இருந்து அடுக்கடுக்காகக் கணக்கிடப்படுகிறது. தாய் மேப்பில் கடைசி வரியில் இருந்தாலும், சேய் மேப்பில் முதல் வரியில் உள்ளதை அது வென்றுவிடும். நீங்கள் சேய் மேப்பில் உட்கார்ந்து எத்தனை திருத்தினாலும் ஒன்றும் மாறாது. ஒரே வெளியீட்டுக்குள் ஒரு பகுதியில் ஒரு மதிப்பும் மற்றொரு பகுதியில் வேறு மதிப்பும் வேண்டுமென்றால், 2015-இல் வந்த டிட்டா 1.3-இன் கீ ஸ்கோப் வசதிதான் வழி.

## 'இலக்கு கிடைக்கவில்லை' என்று சொல்கிறது

டிட்டாவில் வேறிடத்து உறுப்பை இழுக்கும் கான்ரெஃப்பின் முகவரி இப்படி இருக்கும்: கோப்பின் பெயர், ஒரு ஹாஷ் குறி, டாபிக்கின் ஐடி (அடையாளப் பெயர்), ஒரு சாய்கோடு, கடைசியாக அந்த உறுப்பின் ஐடி. நடுவில் உள்ள டாபிக் ஐடியை விட்டுவிட்டு நேராக உறுப்பின் ஐடிக்குத் தாவுவதுதான் அன்றாடத் தவறு. கோப்பின் பெயரையே டாபிக் ஐடி என்று நினைத்துக்கொள்வது அடுத்தது. கோப்பைத் திறந்து, வேர் டேகில் உண்மையில் என்ன ஐடி இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

முகவரி சரிதான் என்றால் வகையைப் பாருங்கள். குறிப்பு உறுப்பு குறிப்பைத்தான் இழுக்கும். வெறும் பத்திக்குள் குறிப்பை இழுக்க முடியாது. இழுக்கும் டேகும் இழுக்கப்படும் டேகும் ஒரே இனமாக இருக்க வேண்டும்.

'என் கணினியில் வருகிறது, சர்வரில் வரவில்லை' என்றால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து விவகாரம். விண்டோஸும் மேக்கும் வழக்கமாகக் கோப்புப் பெயரில் அதைக் கண்டுகொள்வதில்லை, லினக்ஸ் கண்டுகொள்ளும்.

நம் மொழிக்கென்றே ஒரு பொறியும் இருக்கிறது. ஐடியையோ கோப்புப் பெயரையோ தமிழில் வைத்திருந்தால், 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறி, அல்லது ககரத்தோடு கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட்டுகளை ஒப்பிடும் கருவிக்கு இரண்டும் வேறு சொல். 'கோப்பு', 'தொகுப்பு', 'பொது' போன்ற பெயர்களில் இது மாட்டும். ஐடிகளையும் கோப்புப் பெயர்களையும் ஆங்கில எழுத்து, எண், சிறுகோட்டில் வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. ஏற்கெனவே தமிழில் வைத்துவிட்டீர்கள் என்றால், மூலம் முழுவதையும் யூனிகோடின் என்எஃப்சி (ஒரே எழுத்துக்கு ஒரே சேமிப்பு) வடிவத்துக்கு மாற்றும் ஒரு படியைப் பில்டின் தொடக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

## மாறியைப் போட்ட இடத்தில் தமிழ் உடைகிறது

தமிழில் எழுதுகிறவர்களை அதிகம் படுத்தும் கோளாறு இது. இந்தக் கருவிகளை வடிவமைத்தவர்கள் வேற்றுமை உருபைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

'கருவி' என்று ஒரு மாறி. அதன் மதிப்பு 'அச்சுப்பொறி'. வாக்கியத்தில் மாறியைப் போட்டு, ஒட்டினாற்போல் 'யை இயக்குங்கள்' என்று எழுதிவிட்டீர்கள். 'அச்சுப்பொறியை இயக்குங்கள்' என்று அழகாக வருகிறது. அதே கையேட்டை அடுத்த தயாரிப்புக்கு எடுக்க மதிப்பை 'ஸ்கேனர்' என்று மாற்றுகிறீர்கள். 'ஸ்கேனர்யை இயக்குங்கள்' என்று வந்து நிற்கிறது. 'திரை' என்று மாற்றினால் தப்பிக்கும், 'விசைப்பலகை' தப்பிக்கும், 'கேமரா' வந்தால் 'கேமராயை' என்று மறுபடி மாட்டும். சோதித்த சொற்கள் எல்லாம் சரியாக வந்ததால் யாரும் கவனிக்காமல், பல நாள் கழித்து வாசகர் கண்டுபிடிக்கும் வகைப் பிழை.

சிலர் உருபையும் மாறிக்குள்ளேயே வைக்கப் பார்ப்பார்கள்: கருவி, கருவி-ஐ, கருவி-இல், கருவி-க்கு என்று ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மாறி. சொற்கள் குறைவாக இருந்தால் இதுவும் ஓடும். ஐம்பது சொல் வந்துவிட்டால் பராமரிக்க முடியாது. வாக்கியத்தை மாற்றி எழுதுவதே மேல். மாறி எப்போதும் எழுவாயாகவோ, உருபு ஏற்காத இடத்திலோ நிற்கட்டும்: 'ஸ்கேனர் இயங்கத் தொடங்கும்', 'ஸ்கேனர் என்னும் சாதனத்தை', 'சாதனம்: ஸ்கேனர்'. 'என்னும்', 'என்ற' இரண்டும் இங்கே பெரிய கைகொடுப்பு. அளவுக்கு மிஞ்சினால் நடை அரசாணை மாதிரி ஆகிவிடும், அது வேறு விஷயம். ஒரு பத்தியில் மூன்று முறைக்கு மேல் அந்தச் சொல் தேவைப்பட்டால் மாறியைக் கைவிட்டு, அந்தப் பத்தியையே ஒவ்வொரு தயாரிப்புக்கும் தனியாக எழுதி, நிபந்தனையில் மாற்றிக்கொள்ளுங்கள். முழு வாக்கியத்தை மறுபயன்படுத்துவது எப்போதும் பத்திரம்; அரை வாக்கியம் அப்படியில்லை.

உருபு சரி, ஆனால் நடுவே ஓர் இடைவெளி விழுகிறதா? 'அமைப்புகள் ஐத் திறக்கவும்' என்று வந்தால், எடிட்டரின் 'அழகாக அடுக்கு' வசதியைச் சந்தேகப்படுங்கள். டேகை மூடிய இடத்தில் அது ஒரு வரி உடைத்திருக்கும். வரி முறிவு வெளியீட்டில் இடைவெளியாக மாறிவிட்டது. வாக்கியத்துக்குள் வரும் டேகுகளைத் தொடக்கூடாது என்று எடிட்டரில் அமைத்துவிடுங்கள்.

மாறியின் பெயரே அடைப்போடு அச்சாகிறது, அதுவும் நிரல்வரிக் கட்டத்துக்குள் மட்டும் என்றால், ஆஸ்கிடாக்கின் இயல்பு அது. நிரல் கட்டங்களுக்குள் மாறியை அது விரிக்காது. கட்டத்தின் தலையில் 'சப்ஸ்' பண்பில் 'ஆட்ரிபியூட்ஸ்' சேர்க்க வேண்டும். கட்டத்துக்கு வெளியேயும் அப்படியே வருகிறது என்றால் அந்த மாறிக்கு மதிப்பே கொடுக்கப்படவில்லை. ஆஸ்கிடாக்கை வெளியீடாக மாற்றும் ஆஸ்கிடாக்டர் வழக்கமாக இதைச் சொல்லாமல் விட்டுவிடும். 'ஆட்ரிபியூட் மிஸ்ஸிங்' அமைப்பை 'வார்ன்' என்று வைத்தால் வாய் திறக்கும்.

## படி எண்கள் பாதியில் ஒன்றிலிருந்து தொடங்குகின்றன

மார்க்டவுனில் ஒன்பதாவது படிவரை சரியாக வந்து, பத்தில் உடைந்தால் காரணத்தைப் பார்க்காமலே சொல்லலாம். படிக்குக் கீழே வரும் விளக்கப் பத்தி, படியின் எழுத்து தொடங்கும் இடத்துக்கு நேராக உள்தள்ளி இருக்க வேண்டும் என்பது மார்க்டவுனின் தரவரையறையான காமன்மார்க்கின் விதி. ஒற்றை இலக்க எண், புள்ளி, ஓர் இடைவெளி: மூன்று எழுத்து அகலம். 10 வந்ததும் அது நான்காகிவிடும். நீங்கள் பழக்கதோஷத்தில் மூன்று இடைவெளியே விட்டிருப்பீர்கள், பத்தி பட்டியலுக்கு வெளியே விழுந்துவிடும். எல்லாப் படிகளுக்கும் நான்கு இடைவெளி என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும்.

ஆஸ்கிடாக்கில் படிக்கும் அதன் கீழுள்ள கட்டத்துக்கும் நடுவே தனி வரியில் ஒரு கூட்டல் குறி வேண்டும். செருகிய கோப்புக்குள் நடுவில் வெற்று வரி இருந்தால் அந்தக் கூட்டல் குறி முதல் பத்தியை மட்டுமே பிடிக்கும். செருகும் வரியைத் திறந்த கட்டத்துக்குள், அதாவது மேலும் கீழும் இரட்டைச் சிறுகோட்டுக்குள் வையுங்கள்.

## தலைப்புகள் ஏறுமாறாக வருகின்றன

தனியாகப் படிக்கும்போது முதல்நிலைத் தலைப்பாக இருப்பது, புத்தகத்துக்குள் போகும்போது மூன்றாம் நிலையாக வேண்டும். டிட்டாவில் இதை மேப்பின் அடுக்கே பார்த்துக்கொள்ளும். ஆஸ்கிடாக்கில் செருகும்போது 'லெவல்ஆஃப்செட்' கொடுங்கள். பேன்டாக்கிலும் தலைப்பு நிலையை நகர்த்தும் விருப்பம் உண்டு.

தலைப்பு தலைப்பாகவே மாறாமல், முன்னால் உள்ள ஹாஷ் குறியோடு பத்திபோல் அச்சாகிறதா? கோப்புகளை நீங்களே வரிசையாகச் சேர்த்துப் பில்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். முந்தைய கோப்பின் கடைசியில் வெற்று வரி இல்லை. அல்லது அடுத்த கோப்பின் தலையில் பிஓஎம் என்னும் கண்ணுக்குத் தெரியாத யூனிகோடு குறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹாஷுக்கு முன்னால் அது நிற்பதால் வரி ஹாஷில் தொடங்குவதாகக் கருவி கருதாது. பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்.

அத்தியாயம் இரண்டில் அடிக்குறிப்பை அழுத்தினால் அத்தியாயம் ஒன்றின் குறிப்பு வருவதும் இதே குடும்பத்துக் கோளாறு. இரண்டு கோப்பிலும் குறிப்பின் அடையாளம் 1 என்றே இருக்கும். பேன்டாக்கில் 'ஃபைல் ஸ்கோப்' விருப்பத்தைப் போட்டால் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் படித்துவிட்டுப் பிறகு சேர்க்கும்.

## பிடிஎஃப்பில் கட்டம் கட்டமாக வருகிறது

வெறும் சதுரங்கள் தெரிந்தால் எழுத்துருவில் தமிழ் இல்லை. எழுத்து வருகிறது, ஆனால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்றால் எழுத்துரு சரி, எழுத்துகளைக் கோக்கும் பொறி சரியில்லை. இரண்டும் வேறு நோய், மருந்தும் வேறு. பேன்டாக் பிடிஎஃப் செய்யத் தானாகத் தேர்ந்தெடுக்கும் பிடிஎஃப்லேடெக் பொறியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். ஜீலேடெக்குக்கு மாறி, தமிழ் உள்ள ஓர் எழுத்துருவைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகவே கிடைக்கிறது. டிட்டா ஓப்பன் டூல்கிட் பிடிஎஃப்புக்குப் பயன்படுத்தும் எஃப்ஓபி என்றால், அதன் அமைப்புக் கோப்பிலும் ஸ்டைல்ஷீட்டிலும் எழுத்துருவின் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்.

உடல் எழுத்து நன்றாக வந்து, நிரல் கட்டத்துக்குள் எழுதிய தமிழ்க் கருத்துரை மட்டும் சதுரமானால், நிரலுக்கு வைத்த சம அகல எழுத்துருவில் தமிழ் கிடையாது. அதற்குத் தனியாக மாற்று எழுத்துரு அமைக்க வேண்டும்.

சோதனைக்கு ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கெ, கே, கை, கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ எல்லாம் தடித்த எழுத்திலும் சாய்வெழுத்திலும் நிரல் கட்டத்திலும் இருக்கட்டும். ஒவ்வொரு பில்டிலும் முதலில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

## மின்னூல் திறக்கவே மாட்டேன் என்கிறது

மின்னூலைச் சோதிக்கும் ஈபப்செக் கருவியை ஓட்டுங்கள். அது சொல்வதை மேலிருந்து வரிசையாகத் திருத்துங்கள். முதல் பிழையைத் தீர்த்தாலே பின்னால் உள்ளவற்றில் பல தானாக உதிரும்.

அடிக்கடி வருவது இது: மின்னூலுக்குள் இருப்பது எக்ஸ்எம்எல் விதிகளுக்கு உட்பட்ட எச்டிஎம்எல். உலாவி மன்னிக்கும் எதையும் அது மன்னிக்காது. மூடாத வரிமுறிவு டேக் ஒன்று போதும். எக்ஸ்எம்எல்லில் முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட பெயர்க்குறிகள் ஐந்துதான்: சிறியது, பெரியது, ஆம்பர்சேன்ட், ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள். உடையா இடைவெளிக்கான 'என்பிஎஸ்பி' அதில் இல்லை. யாரோ இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய ஓர் உடையா இடைவெளி, அத்தியாயத்தையே கவிழ்த்துவிடும். எண் வடிவில், 160 என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளும்.

கோப்பைப் பிரித்து ஒரு திருத்தம் செய்து மறுபடி ஜிப் செய்தவர்களுக்கு: வகையைச் சொல்லும் 'மைம்டைப்' கோப்பு ஜிப்புக்குள் முதலாவதாக, சுருக்கப்படாமல் இருக்க வேண்டும். வழக்கமான ஜிப் கருவிகள் இதைப் பார்க்காது. அதைவிட மூலத்தில் திருத்திப் பில்ட் ஓட்டுவது சுலபம்.

## எல்லாம் வருகிறது, ஆனால் செயலிக்குள் எச்சரிக்கை எச்சரிக்கையாகத் தெரியவில்லை

மூலத்தைத் திறந்து பாருங்கள். 'எச்சரிக்கை:' என்று தடித்த எழுத்தில் அடித்து, பின்னால் சாதாரணப் பத்தி. மனிதர் கண்ணுக்கு அது எச்சரிக்கை. கருவிக்கு, தடித்த சொல்லில் தொடங்கும் ஒரு பத்தி. இணையத்தில் மஞ்சள் பெட்டி, செயலியில் முக்கோணக் குறி, பிடிஎஃப்பில் ஓரக்கோடு என்று மூன்று விதமாக வர வேண்டுமானால், இது எச்சரிக்கை என்ற தகவல் மூலத்தில் இருந்தாக வேண்டும்.

பழைய கோப்புகளைச் சீர்செய்யும்போது ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றப் போகாதீர்கள். தடித்த எழுத்துகளை மட்டும் தேடி எடுத்து வகை பிரியுங்கள். பெரும்பாலும் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும்: பட்டன் பெயர், எச்சரிக்கை, கோப்புப் பெயர், புதுச் சொல்லின் அறிமுகம், சும்மா அழுத்தம். முதல் நாலுக்கும் தனித்தனிக் குறியீடு கொடுங்கள். கடைசி வகையில் பாதியை எடுத்துவிட்டாலும் ஒன்றும் குறையாது.

## படிக்கும்போது ஏதோ இடிக்கிறது

பிழைச்செய்தி எதுவும் இல்லை, வெளியீடும் முழுதாக இருக்கிறது. ஆனால் செயலிக்குள் சின்னப் பெட்டியில் 'அடுத்த பக்கத்தில் உள்ள படத்தைப் பார்க்கவும்' என்று நிற்கிறது. இதை எந்தக் கருவியும் பிடிக்காது. 'மேலே', 'கீழே', 'முன்பு சொன்னபடி', 'வலப்பக்கம்', 'இந்த அத்தியாயத்தில்', 'சிவப்பில் உள்ளவை' ஆகிய சொற்களை மூலம் முழுக்கத் தேடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வெளியீட்டை மனத்தில் வைத்து எழுதியது. இடத்தைச் சொல்லாமல் பெயரைச் சொல்லி இணைப்பாகக் கொடுத்தால், கருவி அதைப் பிடிஎஃப்பில் பக்க எண்ணாகவும் இணையத்தில் சுட்டியாகவும் மாற்றிக்கொள்ளும். கையால் எழுதிய பட எண்ணும் படி எண்ணும் இதே கணக்கில்தான் சேரும்.

## ஒரு சொல்லைத் தொட்டால் எங்கெங்கோ உடைகிறது

மறுபயன்பாட்டில் ருசி கண்டவர்களுக்கு வரும் நோய். 'சரி என்பதை அழுத்தவும்' என்ற மூன்று சொல்லைக்கூடத் தனித் துண்டாக்கி முப்பது இடத்தில் இழுத்திருப்பார்கள். ஓரிடத்தில் பட்டன் பெயர் மாறியதும் துண்டைத் திருத்துவார்கள்; மற்ற இருபத்தொன்பது இடமும் தவறாகிவிடும்.

துண்டு ஒவ்வொன்றையும் எத்தனை இடம் இழுக்கிறது, மாறினால் எல்லா இடத்திலும் ஒரே காரணத்துக்காகத்தான் மாறுமா என்று பாருங்கள். பாதுகாப்பு எச்சரிக்கை, சட்ட வாசகம், நிறுவும் முறை, தொடர்பு விவரம் போன்றவை அப்படித்தான் மாறும். அவை துண்டாக இருக்கட்டும். தற்செயலாக ஒரே மாதிரி அமைந்த வாக்கியங்களைப் பிரித்து, அந்தந்த டாபிக்குக்குள்ளேயே நேரடியாக எழுதிவிடுங்கள். துண்டுகள் எல்லாம் ஒரே கிடங்குக் கோப்பில் குவிந்திருந்தால் தலைப்புவாரியாக நாலைந்து கோப்பாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டுக்கு மேலேயும் கருத்துரையில் அது எதற்கு, யார் கேட்டு மாற்றலாம் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். கான்ரெஃப் முகவரியின் கடைசிப் பகுதியான ஐடியைத் தேடினாலே அதை இழுக்கும் இடமெல்லாம் கிடைத்துவிடும். துண்டைத் திருத்துவதற்கு முன்னால் அந்தத் தேடலை ஓட்டிவிட்டுத் திருத்துங்கள்.